தண்ணீர் போகிற பக்கம் கிழக்கு: தஞ்சைக்கு வடக்கே தெரியாத கரைகளில் சைக்கிள்

நீங்கள் கேட்டது சுருக்கமாக இதுதான்: தஞ்சாவூரில் ஒரு வருஷமாக சைக்கிள் ஓட்டுகிறீர்கள். பைபாஸில் போய்த் திரும்பி அலுத்துவிட்டது. பெயர் தெரியாத கிராமச் சாலை, ஆற்றங்கரைப் பாதை என்று புகுந்து பார்க்க ஆசை. வழி தவறினால் என்ன செய்வது, கியர் சைக்கிள் தாங்குமா, பஞ்சரானால் யார் ஒட்டுவார்கள், நாய் துரத்தினால்?

பஞ்சர், நாய் எல்லாம் சின்ன விஷயம். வழியைத்தான் முதலில் பேச வேண்டும். நம் ஊரில் வழி தவறுவதற்குக் காரணம் பெரும்பாலும் சாலை இல்லை, ஆறு.

தஞ்சாவூரிலிருந்து வடக்கே திருவையாறு 13 கிலோமீட்டருக்குள்தான். அதற்குள் ஐந்து ஆறுகளைத் தாண்டுகிறீர்கள். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, கடைசியில் காவிரி. ஐயாறு என்ற பெயருக்கே அதைத்தான் காரணம் சொல்வார்கள். பஸ்ஸில் போகும்போது இது உறைக்காது, பாலம் வந்ததும் போனதும் தெரியாது. சைக்கிளில் மெயின் ரோட்டை விட்டு வலது பக்கமோ இடது பக்கமோ ஒரு கரையில் இறங்கிப் பாருங்கள், அப்போது புரியும். ஐந்தும் ஏறக்குறைய மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. நடுவில் இருக்கும் நிலம் நாக்குமாதிரி நீளநீளமாகக் கிடக்கிறது. கிழக்கு மேற்காகப் போக எத்தனையோ பாதை உண்டு. தெற்கு வடக்காகப் போக வேண்டுமானால் பாலம் வேண்டும். பாலம் நீங்கள் நினைக்கிற இடத்தில் இருக்காது.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு மாலை வெட்டாற்றங்கரையில். எதிர்க்கரையில் தென்னைமரங்களுக்கு மேலே கோபுரம் நன்றாகத் தெரிகிறது. போனில் பார்த்தால் ஊர் 800 மீட்டர். இருட்டுவதற்குள் டீ குடித்துவிடலாம் என்று கரையோடு மிதித்தேன். ஒரு கிலோமீட்டர், இரண்டு, மூன்று. கோபுரம் பின்னால் போய்விட்டது, பாலம் வரவில்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு ஆச்சியிடம் கேட்டேன். "அது அக்கரையில இருக்கு தம்பி. நீ வந்த வழியிலயே மேற்கால போ, பாலம் அங்கதான் இருக்கு" என்றார். நான் புறப்பட்ட இடத்துக்கு அரை கிலோமீட்டர் மேற்கே இருந்த பாலத்தைத்தான் சொன்னார். அன்றிலிருந்து ஒரு பழக்கம்: கரையில் இறங்குவதற்கு முன் எனக்கு மேற்கே எந்தப் பாலம், கிழக்கே எந்தப் பாலம் என்று இரண்டையும் பார்த்து வாயால் ஒருமுறை சொல்லிக்கொள்வேன். மூன்றாவதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. இந்த இரண்டும் தெரிந்தால் நடுவில் எப்படி வேண்டுமானாலும் சுற்றலாம்.

திசை தெரியாமல் போனால் தண்ணீரைப் பாருங்கள். அது போகிற பக்கம் கிழக்கு. வளைவுகளில் தென்கிழக்காகவோ வடகிழக்காகவோ கொஞ்சம் திரும்பியிருக்கும், ஆனால் மொத்தத்தில் ஏமாற்றாது. வயலுக்குப் பாயும் சின்ன வாய்க்காலை நம்பாதீர்கள், அது மேட்டிலிருந்து பள்ளத்துக்கு எப்படி வேண்டுமானாலும் போகும். பெரிய ஆற்றை மட்டும் பாருங்கள். கோடையில் ஆறு வெறும் மணலாகக் கிடக்கும்போதும் வழி உண்டு. நாணல் புதருக்குப் பின்னால் மணல் வால்மாதிரி நீண்டு படிந்திருக்கும், அந்த வால் நீட்டியிருக்கும் பக்கம்தான் தண்ணீர் போன பக்கம். சாய்ந்து கிடக்கும் நாணலும் அதையே சொல்லும்.

கோயில் வாசல் கிழக்கு பார்த்திருக்கும் என்று சிலர் சொல்வார்கள். பெரும்பாலும் சரிதான். ஆனால் திருக்கண்டியூர் சிவன் கோயில் மேற்கு பார்த்தது. அங்கே போய் அந்தக் கணக்கைப் போட்டால் நேர் எதிராகப் போவீர்கள்.

ஊர்ப் பெயரும் ஒருவிதத்தில் மேப்தான். துறை என்று முடிந்தால் ஆற்றில் இறங்கும் இடம் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். துருத்தி என்றால் இரண்டு நீருக்கு நடுவில் அகப்பட்ட திட்டு. தலைப்பு என்று யாராவது சொன்னால் அங்கே ஒரு வாய்க்காலோ ஆறோ பிரிகிறது, தண்ணீரைத் திறந்து மூடும் ஷட்டர் இருக்கும், ஷட்டருக்கு மேலே நடக்க ஒரு பாலமும் பெரும்பாலும் இருக்கும். இந்த ஷட்டர் பாலங்கள் சைக்கிள்காரனுக்குப் பெரிய வரம். கார் போகாது என்பதால் போன் பல இடங்களில் அவற்றைக் காட்டாது, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தாராளமாகப் போகலாம். தஞ்சைக்கு மேற்கே தென்பெரம்பூரில் வெண்ணாற்றிலிருந்து வெட்டாறும் வடவாறும் பிரியும் இடத்தை ஒருநாள் காலையில் போய்ப் பாருங்கள். மேலே சொன்ன ஐந்தில் மூன்று ஆறு ஒரே இடத்தில் கண்ணுக்குத் தெரியும், பிறகு இந்தப் பக்கத்து வரைபடம் தலையில் தானாக உட்கார்ந்துவிடும். கல்லணைக்கும் போகலாம்தான். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நான்கும் பிரியும் இடம் அது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் சைக்கிளை எங்கே நிறுத்துவது என்பதே பெரிய பாடு.

வழி கேட்பதற்கு வருகிறேன். "இது திருச்சோற்றுத்துறை போகுமா?" என்று கேட்காதீர்கள். "போகும்" என்றுதான் பதில் வரும். எந்த ரோடும் எப்படியாவது போகும்தானே, அவர் பொய் சொல்லவில்லை. "திருச்சோற்றுத்துறைக்கு எப்படிப் போகணும்?" என்று கேளுங்கள், அப்போது யோசித்துச் சொல்வார். அடுத்ததாக "சைக்கிள் போகுமா, நடுவுல பாலம் இருக்கா?" என்று கேளுங்கள். இங்கே பெரியவர்கள் வலது, இடது என்று சொல்ல மாட்டார்கள். "கெழக்கால போயி, மதகு தாண்டி தெக்கால திரும்பு" என்பார்கள். அதனால்தான் கிழக்கு எது என்று முதலில் தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். மோட்டார் பைக்கில் நிற்கும் இளைஞரைவிட வயலில் நிற்பவரைக் கேட்பது மேல். பைக் ஓட்டுபவருக்குத் தார்ச் சாலை மட்டும்தான் வழி, வயல்காரருக்கு வரப்பிலிருந்து எல்லாம் தெரியும். எல்லாரையும்விட விவரம் தெரிந்தவர் லஸ்கர், அதாவது ஆற்றுக்கரையையும் ஷட்டரையும் பார்த்துக்கொள்ளும் அரசு ஊழியர். கரை எங்கே உடைந்திருக்கிறது, எங்கே கல் நட்டு மறித்திருக்கிறார்கள் என்பது அவர் விரல்நுனியில் இருக்கும். ஒரு வணக்கம் வைத்துவிட்டு, எங்கிருந்து வருகிறீர்கள், என்ன வேலை, இந்த சைக்கிள் என்ன விலை என்ற மூன்று கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். விலையை மட்டும் நான் பாதியாகக் குறைத்துத்தான் சொல்வேன்.

போன் மேப்பை வேண்டாம் என்று சொல்லவில்லை. முந்தின இரவே அந்தப் பகுதியை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், கரைகளில் சிக்னல் வந்து வந்து போகும். அதோடு செயற்கைக்கோள் படத்தைத் திறந்து நீங்கள் போக நினைக்கும் கரையை விரலால் ஒருதரம் ஓட்டிப் பாருங்கள். வெளிறிய கோடு தொடர்ச்சியாகத் தெரிந்தால் வண்டி போகிறது. மரத்துக்குள் போய் மறைந்து வெளியே வராவிட்டால் அந்தப் பாதையை யாரும் புழங்குவதில்லை. எனக்குப் பிடித்தது இந்திய அளவைத் துறையின் 1:50,000 வரைபடம். இரண்டு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர். அதில் வாய்க்கால், வண்டிப்பாதை, ஒற்றையடிப் பாதை எல்லாம் வேறுவேறு கோடாக இருக்கும். மலைப்பக்கத்து வரைபடத்தில் நெருக்கமாக ஓடும் சம உயரக் கோடுகளை நம் பக்கத்துத் தாளில் தேடித்தான் பிடிக்க வேண்டும். அவ்வளவு சமம். கியர் பற்றிய உங்கள் கேள்விக்கும் பதில் அதிலேயே இருக்கிறது.

கியர் தேவையில்லை. இருந்தால் தப்பில்லை, ஆனால் 21 கியருக்காகப் பணத்தைக் கொட்ட வேண்டாம். இந்தப் பக்கம் மேடு என்றால் பாலத்தில் ஏறுவது ஒன்றுதான். கியரைவிட டயர் முக்கியம். ரேஸ் சைக்கிளின் மெல்லிய டயர் கப்பிக்கல்லில் உயிரை எடுக்கும். 35 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள், 40 இருந்தால் நிம்மதி. காற்றைக் கல்லுமாதிரி அடிக்காதீர்கள், கட்டைவிரலால் அழுத்தினால் லேசாக அமுங்க வேண்டும். அப்பா காலத்துக் கறுப்பு சைக்கிள் வீட்டில் இருந்தால் அதையே துடைத்து எண்ணெய் போட்டு எடுக்கலாம். உருண்டையான அகல டயர், மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் இந்தக் கரைகளுக்கென்றே செய்ததுபோல் இருக்கும். நான் குரங்குப் பெடல் போட்டுக் கற்றது அப்படி ஒரு வாடகை சைக்கிளில்தான்.

பஞ்சர் கடை கவலையே வேண்டாம். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு அரசு சைக்கிள் கொடுக்கிறது, ஆகவே கொஞ்சம் பெரிய ஊர் எதிலும் சொலுஷனும் பேட்ச்சும் வைத்துக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். சிக்கல் வால்வில். பழைய சைக்கிளின் வால்டியூப் வால்வுக்கும், மோட்டார் பைக்கில் இருப்பதுபோன்ற தடித்த வால்வுக்கும் அவரிடம் பம்ப் பொருந்தும். உங்கள் சைக்கிளில் பென்சில்மாதிரி மெல்லிய வால்வு இருந்தால், அதன் தலையில் மாட்டும் சின்னப் பித்தளைக் குமிழ் ஒன்றை வாங்கிப் பையில் போட்டு வையுங்கள். அது இல்லாமல் ஒட்டிய டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நானும் கடைக்காரரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். கருவேலமுள் குத்தினால் ஓட்டையை ஒட்டுவதோடு விடாதீர்கள். டயரின் உள்பக்கம் விரலை மெதுவாக ஓட்டி முள்முனையைத் தேடி எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அரைமணி நேரத்தில் அதே இடத்தில் மறுபடியும் இறங்கும்.

முள்ளைவிட எனக்கு அதிகம் செலவு வைத்தது வைக்கோல். அறுப்பு முடிந்த காலத்தில் கிராமச் சாலைதான் களம். நெல் காயும், உளுந்துச் செடியையும் எள்ளையும் வண்டி ஏறி உதிரட்டும் என்று பரப்பி வைத்திருப்பார்கள். ஒருமுறை வைக்கோல் மேலேயே ஓட்டிப் போனேன். நாலைந்து தாள் பின்சக்கரத்துச் செயினில் மாட்டி, பல்சக்கரத்துக்கும் ஸ்போக்குக்கும் நடுவில் கயிறாகத் திரித்துக்கொண்டது. கவனிக்காமல் ஒரு மிதி அழுத்தினேன். டக் என்று ஒரு சத்தம். கியரைத் தாங்கும் அலுமினியத் துண்டு முறிந்து, கியர் மொத்தமும் செயினோடு தொங்கியது.

ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு போனதும் ஒரு கடை. புளியமரத்தடியில் தகரம் போட்டது, கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். அவர் தொங்கிய கியரை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டு, "இது இனி வீட்டுக்குத்தான்" என்றார். பின்பக்கம் நடுப் பல்சக்கரத்தில் செயினைச் சுற்றி அளவு பார்த்தார். ஒரு இரும்புக் கட்டைமேல் செயினை வைத்து, மொட்டை ஆணியைக் கண்ணியைப் பிடிக்கும் பின்மேல் நிறுத்தி, சுத்தியலால் இரண்டு தட்டு. அந்தப் பின் வெளியே வந்தது. பத்துப் பதினைந்து கண்ணியைக் கழற்றிவிட்டு, மிச்சத்தைச் சேர்த்து மறுபடியும் தட்டினார். கியர் சைக்கிள் சாதாரண சைக்கிளாகிவிட்டது. அறுபது ரூபாய் வாங்கிக்கொண்டார். அதிலேயே இருபது கிலோமீட்டர் வீடு வந்து சேர்ந்தேன், அடுத்த ஒரு மாதம் அப்படியேதான் ஓட்டினேன். இப்போது சாலையில் வைக்கோல் தெரிந்தால் இறங்கிவிடுகிறேன். நெல் காய்ந்தாலும் அப்படித்தான். நம் டயர் அதன்மேல் ஏறக்கூடாது, ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனால் காவலுக்கு உட்கார்ந்திருப்பவர்களே "பாத்துப் போ தம்பி" என்று வழிவிடுவார்கள்.

மழைக்கால மண்கரை வேறு வகை. நம் வண்டல் மண் ஈரத்தில் பசை. மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே சுற்றாது. ஐப்பசி, கார்த்திகையில் தார்ச் சாலையோடு இருப்பது உத்தமம். வழக்கப்படி மேட்டூர் ஜூன் 12ஆம் தேதி திறந்து ஜனவரி 28ஆம் தேதி மூடுவார்கள், அணையில் தண்ணீர் இருக்கும் அளவைப் பொறுத்துத் தேதி முன்னே பின்னே போகும். என் கணக்கில் தை, மாசிதான் சிறந்த காலம். கரை காய்ந்து இறுகியிருக்கும், சில நாட்களாவது ஆற்றில் தண்ணீரும் இருக்கும், வெயில் ஏறியிருக்காது. வெள்ளத்தைத் தாங்குவதற்காக உயர்த்திப் போட்ட கரை, ஆகவே வயலைவிட ஓர் ஆள் உயரத்தில் ஓட்டிக்கொண்டு போவீர்கள். ஒரு பக்கம் ஆறும் படுகையில் வாழையும், மறுபக்கம் கண்ணுக்கு எட்டியவரை நெல்லும். சித்திரை, வைகாசியில் போவதானால் ஐந்தரைக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள்.

தண்ணீர் ஓடும்போது ஷட்டர் பக்கம் குளிக்க இறங்க வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும், மதகுக்குக் கீழே சுழன்று இழுக்கும். நீச்சல் தெரிந்தவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாய். வேகமாக மிதித்துத் தப்பிக்க நினைக்காதீர்கள், அதற்கு அது விளையாட்டு. இறங்கி, சைக்கிளை உங்களுக்கும் அதற்கும் நடுவில் வைத்துக்கொண்டு நடங்கள். குனிந்து கல்லெடுப்பதுபோல் காட்டினாலே முக்கால்வாசி நாய் நின்றுவிடும். அதன் எல்லை ஒரு தெருவோடு முடிந்துவிடும். தப்பித்தவறிக் கடித்தாலோ நகத்தால் கீறினாலோ, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசியைத் தொடங்குங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே கூடாது. பாம்புக்குப் பயந்து பகலில் போகாமல் இருக்க வேண்டியதில்லை. இருட்டிய பிறகு கரையை விட்டு ரோட்டுக்கு வந்துவிடுங்கள், அதுபோதும்.

எந்த வழியில் தொடங்குவது என்றால், ஏழூர். திருவையாறு, திருப்பழனம், திருச்சோற்றுத்துறை, திருவேதிகுடி, திருக்கண்டியூர், திருப்பூந்துருத்தி, திருநெய்த்தானம். கடைசி ஊரைத் தில்லைஸ்தானம் என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். சித்திரையில் ஐயாறப்பர் பல்லக்கு இந்த வரிசையில்தான் ஏழு ஊரும் சுற்றி வருகிறது. நம் பக்கத்துப் பழைய கிராமப் பாதை எதுவென்று கேட்டால் நான் இந்தச் சுற்றைத்தான் காட்டுவேன். தஞ்சாவூரிலிருந்து போய் ஏழையும் பார்த்துவிட்டுத் திரும்ப சுமார் 50 கிலோமீட்டர் வரும். முதல் தடவை கண்டியூரை மையமாக வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போனால் வேதிகுடி, சோற்றுத்துறை. மேற்கே பூந்துருத்தி. குடமுருட்டியையும் காவிரியையும் தாண்டினால் திருவையாறு, அங்கிருந்து வடகரையிலேயே கிழக்கே பழனம், மேற்கே தில்லைஸ்தானம். பூந்துருத்தியில் அப்பர் மடம் அமைத்துத் தங்கியிருந்தார். சம்பந்தர் வந்தபோது அவர் சிவிகையைக் கூட்டத்தோடு கூட்டமாக அப்பர் தோள்கொடுத்துச் சுமந்தது இந்த ஊரில்தான். அங்கே நந்தி நேராக இல்லாமல் விலகியிருக்கும், பார்த்துவிட்டு வாருங்கள். திருவையாற்றில் காவிரிக் கரையில் தியாகராஜர் சமாதி, படித்துறையில் கொஞ்ச நேரம், பிறகு அசோகா அல்வா. சூடாகக் கிடைத்தால் இரண்டாவது தடவையும் வாங்கலாம், மிதித்ததில் கணக்கு நேராகிவிடும்.

பழனத்திலிருந்து சோற்றுத்துறைக்குப் போக நடுவில் காவிரியும் குடமுருட்டியும் கிடக்கின்றன. தண்ணீர்க் காலத்தில் நான் திருவையாற்றுப் பாலத்துக்கே திரும்பி வந்து கண்டியூர் சுற்றித்தான் போவேன். நேராக ஆற்றுக்குள் இறங்கிப் போக வேண்டுமானால் சித்திரை வரை காத்திருங்கள். ஆறு மணலாகக் கிடக்கும், சைக்கிளை ஓட்ட முடியாது, தள்ளத்தான் வேண்டும். பழைய மணல் பள்ளங்கள் இருக்கும், ஊர்க்காரர் கால்தடம் போன தாரையிலேயே போங்கள். இறங்குவதற்கு முன் இரண்டு டயரிலும் காற்றைப் பாதி இறக்கிவிட்டால் மணலில் புதையாது. பம்ப் கொண்டுபோனால் சோற்றுத்துறைக் கரையில் ஏறியதும் அடித்துக்கொள்ளலாம்.